பங்குனி உத்திரத்துக்கு ஒரு தாள்

பங்குனி உத்திரம் என்றால் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் முந்தின நாள் இரவு சரியாகத் தூங்க முடியாது. விடிந்ததும் குடும்பத்தோடு சாஸ்தா கோவிலுக்குக் கிளம்ப வேண்டும். பல சாஸ்தா கோவில்கள் குளத்தங்கரையிலோ காட்டுக்குள்ளோ இருக்கின்றன. பக்கத்தில் கடை கிடைக்காது. ஒரு வருஷம் அரிசி, வெல்லம், பானை எல்லாம் கொண்டுபோனோம், அகப்பையை வீட்டில் விட்டுவிட்டோம். அன்றைக்கு அம்மா பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் எழுதி வைக்கும் பழக்கம் வந்தது.

எழுதுவதிலும் ஒரு முறை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. மொத்தமே 19 அம்சங்கள்தான். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அறையை விட்டுப் போகும் முன் என மூன்று இடங்களில் நின்று, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள்.

நாமும் அப்படியே மூன்றாகப் பிரிக்கலாம்: முந்தின வாரம் வாங்குவது, முந்தின இரவு எடுத்து வைப்பது, வண்டி கிளம்பும் முன் பார்ப்பது. மூன்றாவது சின்னதாக இருக்கட்டும். தீப்பெட்டி, சூடம், அகப்பை, குடிதண்ணீர், பெரியவர்களின் மாத்திரை, அவ்வளவு போதும். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பொருளைத் தொட்டுப் பார்த்து "இருக்கு" என்று சொல்ல வேண்டும். மனசுக்குள்ளேயே சரிபார்த்தால் ஏதாவது ஒன்று கட்டாயம் விட்டுப்போகும்.

அப்புறம், தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எது இல்லாமல் தவித்தோமோ அதைக் கோவிலிலேயே எழுதிவிடுங்கள். பானை கழுவிக் காய்ந்ததும் தாளை அதற்குள் போட்டு வையுங்கள். அடுத்த பங்குனியில் பானையை எடுக்கும்போது பட்டியலும் கையில் வரும்.