அமிலம் கூடினால் சாப்பாடு சீக்கிரம் இறங்குமா?

காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்ததும் ஒருவர் எலுமிச்சை சோடா தேடுவார்: "வயிறு மந்தமா இருக்கு, புளிப்பா ஏதாவது உள்ள போனாத்தான் செரிக்கும்." இன்னொருவர், "அமிலம் கூடிப்போச்சு" என்று மாத்திரையைப் பிரிப்பார். இரண்டுமே தவறான கணக்கு.

உணவை அரைத்துக் கீழே தள்ளுவது அமிலமில்லை, இரைப்பையின் தசை. முதல் கவளம் இறங்கும்போதே இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்கும். ஒரு லிட்டர் அளவு உள்ளே போனாலும் அழுத்தம் அதிகம் ஏறாது. கீழ்ப்பகுதி நிமிடத்துக்குச் சுமார் 3 தடவை சுருங்கிச் சுருங்கி உணவைக் கூழாக்கும். பெரும்பாலும் 1, 2 மில்லிமீட்டர் துகளாக நொறுங்கிய பிறகே அது சிறுகுடல் வாசலைத் தாண்டும்.

அமிலத்தின் வேலை இந்த இடத்தில்தான் பலருக்குத் தலைகீழாகப் புரிகிறது. அமிலம் கலந்த உணவுக்கூழ் கொஞ்சம் சிறுகுடலுக்குள் போனதும், குடல் சுவர் அதை உணர்ந்து செக்ரிடின் என்ற ஹார்மோனை விடுகிறது. கணையம் காரத்தன்மையுள்ள (அமிலத்துக்கு எதிரான) நீரை அனுப்பி அமிலத்தைத் தணிக்கிறது. அதுவரை மேலிருந்து அடுத்த கூழ் வேகமாக வந்துவிடாதபடி இரைப்பைத் தசையின் வேகமும் குறைக்கப்படுகிறது. ஆக, குடலுக்குப் போய்ச் சேரும் அமிலம் ஒரு பிரேக். 1902-இல் லண்டனில் உடலியல் அறிஞர்கள் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் நாயின் குடலில் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தபோதுதான் செக்ரிடின் பிடிபட்டது. மேலும் புளிப்பை ஊற்றினால் வயிறு சீக்கிரம் காலியாகும் என்பதற்கு இதில் ஆதாரம் எதுவுமில்லை. சோடா குடித்ததும் கிடைக்கும் நிம்மதி ஏப்பத்தால் வருவது. வேண்டுமானால் குடியுங்கள், அதை மருந்தாக எண்ணாதீர்கள்.

இதைவிடப் பெரிய பிரேக் எண்ணெய். வெள்ளைப் பணியாரம், சீயம், கந்தரப்பம், மேலே மட்டன் சுக்கா என்று போனால், கொழுப்பு குடலைத் தொட்டதும் வேறொரு ஹார்மோன் சுரந்து தசையை இன்னும் அடக்கிவிடும். இப்படிப்பட்ட சாப்பாடு இறங்க 4 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அது முடியுமுன்னே இடைப்பலகாரத்துக்கு உட்காருவதுதான், என் கணக்கில், நம்மூர் விருந்தின் முதல் தவறு. ஆச்சி மனம் நோகுமே என்றால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். நிரம்பிய வயிற்றில் போட்டால் பலன் குறைவு; அப்புறம், மந்தத்துக்கு அது மருந்தே இல்லை, அமிலத்தைக் குறைக்குமே தவிர தசையை ஓட்டாது.

தண்ணீர் குடித்தால் அமிலம் நீர்த்துவிடும் என்று பயந்து விக்கலோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். தண்ணீர் சீக்கிரமே இறங்கிவிடும், வயிறு மறுபடி சுரந்துகொள்ளும். சாப்பிட்ட உடனே முகப்புத் திண்ணையில் மல்லாந்து படுப்பதுதான் கெடுதல்: நிரம்பிய இரைப்பையிலிருந்து அமிலம் எளிதாக உணவுக்குழாய்க்கு ஏறும். 2, 3 மணி நேரம் கழித்துப் படுக்கலாம்.

விருந்துக்குப் பின் நெஞ்சு இறுக்கி, வியர்த்து, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினால், சரி, கேஸ்தானே என்று சோடா உடைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.