இரும்புத் தொப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள்: லைனரின் வயதைக் கண்டறியும் முறை

பழைய பொருள் விற்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இரண்டாம் உலகப்போர்ச் சரக்கு, அசல்." தலைக்கவசத்தின் வெளிக்கூடான எஃகு ஓட்டைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். தலையில் பதிவதற்காக உள்ளே பொருத்திய லைனர்தான் வேறு கதை சொல்லும். வியர்வையில் ஊறிக் கிழிந்து முதலில் மாற்றப்படுவது அதுதான். அதனால் ஓட்டுக்கு ஒரு வயது, லைனருக்கு ஒரு வயது என்று தனித்தனியாகக் கணக்கிட்டுப் பழகுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருப்பவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு அந்நியமானதல்ல. போர் வீரர்களுக்காகச் சார்லஸ் எவெண்டன் 1927-இல் தொடங்கிய 'மோத்' அமைப்பு பிறந்த ஊர் இது. 'மெமரபிள் ஆர்டர் ஆஃப் டின் ஹாட்ஸ்' என்ற அதன் முழுப்பெயரிலேயே 'டின் ஹாட்', அதாவது இரும்புத் தொப்பி, இருக்கிறது. நம் குடும்பங்களிலும் இந்திய-மலாய்ப் படைப்பிரிவில் ஓட்டுநராகவோ காயம்பட்டவர்களைச் சுமப்பவராகவோ போன தாத்தாக்கள் உண்டு. அவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கப்படவில்லை என்பது வேறு விஷயம். நிறவெறி ஆட்சியில் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு வீடு மாற்றப்பட்டபோது எத்தனையோ பொருள்கள் தொலைந்தன. தப்பிய தொப்பி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் அதையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தொடுவதற்கு முன்

பழைய பிரிட்டிஷ் தலைக்கவசங்கள் சிலவற்றின் லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கிறது. முதல் உலகப்போர்க் கால 'பிராடி' தொப்பிகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே உலர்ந்த தூரிகையால் தேய்க்காதீர்கள், தட்டித் தூசி பறக்கவிடாதீர்கள், வீட்டுத் தூசு உறிஞ்சியை அருகில் கொண்டுவராதீர்கள். உள்பகுதி உதிர்வதுபோல் இருந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். விளையாட்டுக்காகக்கூடக் குழந்தை தலையில் வைக்க வேண்டாம்.

படி 2: ஓட்டின் வகை

இங்கே அதிகம் கிடைப்பது தட்டுபோல் அகன்ற விளிம்புள்ள மார்க் 2. பிரிட்டன் 1938-இல் ஏற்றுக்கொண்ட இந்த வடிவத்தைப் போர்க்காலத்தில் தென்னாப்பிரிக்காவிலேயே டிரான்ஸ்வால் ஸ்டீல் பிரஸ்ஸிங் சிண்டிகேட் தயாரித்தது. தென்னாப்பிரிக்கத் தயாரிப்பின் அடையாளம், பின்பக்க விளிம்பில் இருக்கும் மூன்று துளைகள். கழுத்தை மறைக்கும் துணியைக் கட்டுவதற்காக என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் துளையைப் பார்த்ததும் துள்ள வேண்டாம். தரம் குறைந்த எஃகில் செய்து பொதுமக்கள் பாதுகாப்புப் பணிக்குக் கொடுத்த தொப்பிகளிலும் பிரிட்டனில் துளையிட்டார்கள். துளைகள் மூன்றா, மூன்றும் பின்பக்கத்தில்தானா என்று பாருங்கள்.

படி 3: லைனரின் கட்டமைப்பு

தொப்பியைக் கவிழ்த்து, தலையைச் சுற்றும் பட்டை, உச்சியில் குறுக்காக ஓடும் நாடாக்கள், அவற்றுக்கு மேலே உள்ள மெத்தை ஆகியவற்றைப் பாருங்கள். மார்க் 2 லைனர் முழுவதும் உச்சியில் உள்ள ஒரே திருகில் தொங்குகிறது. மெத்தை சிலுவை வடிவ ரப்பர். முதல் உலகப்போர் லைனரில் திருகு இல்லை, ரிவெட் இருக்கும். வலையும் சிறு ரப்பர்க் குழாய்களும் இருக்கும். இழுத்தால் கழன்று வரும் பொத்தானில் லைனர் நிற்கிறதா? அப்படியானால் அது 1945-இல் வந்த மார்க் 4 முறை. அதை 1940 என்று விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1930-களின் இறுதியில் பிரிட்டன் பழைய பிராடி ஓடுகளை வீணாக்காமல் புது லைனர் பொருத்தி மீண்டும் கொடுத்தது. அப்படிப்பட்ட தொப்பியில் ஓட்டுக்கும் லைனருக்கும் இருபது ஆண்டு இடைவெளி இருந்தாலும் அது நேர்மையான பொருள்தான்.

படி 4: முத்திரை வாசிப்பு

முத்திரைக்கு நேராக டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி, பட்டையின் மேல் ஒளி சாய்ந்து விழும்படி பிடியுங்கள். மங்கிய மையும் அழுத்திய எழுத்தின் பள்ளமும் அப்போது மேலெழும். தென்னாப்பிரிக்க லைனர்களில் ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த 'ஜேகர் ராண்ட்' என்ற பெயரைத் தேடுங்கள். பிரிட்டிஷ் லைனர்களில் 'ஜே.சி.எஸ். அண்ட் டபிள்யூ' போன்ற சுருக்கெழுத்துகள் வரும். அது காம்ப்டன், சன்ஸ் அண்ட் வெப் நிறுவனம். 'யு' எழுத்துக்குள் அம்புக்குறி இருந்தால் அது தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் அரசுச் சொத்து முத்திரை.

முத்திரையில் உள்ள எண்கள் எல்லாமே ஆண்டு அல்ல. 6¾, 7, 7⅛ என்பவை தலை அளவுகள். பிரிட்டிஷ் கணக்கில் 7 என்றால் சுமார் 57 செ.மீ. ஆண்டு பெரும்பாலும் நான்கு இலக்கத்தில், தயாரிப்பாளர் பெயருக்கு அருகிலேயே இருக்கும். ஓட்டின் ஆண்டைத் தாடைவார் பொருந்தும் கொக்கிகளுக்கு அருகில், விளிம்பின் அடியில் தேடுங்கள்.

படி 5: திருகு

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். போலி செய்பவர் முத்திரையில் காட்டும் கவனத்தைத் திருகில் காட்டுவதில்லை. தலையில் ஒற்றைப் பிளவு இருக்க வேண்டும். கூட்டல்குறிப் பிளவு என்றால் பின்னாளில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். பிளவின் விளிம்பில் பெயிண்ட் உடைந்து பளபளவென்று உலோகம் தெரிந்தால் அண்மையில் திருப்புளி பட்டிருக்கிறது. உள்ளே, ரப்பர் மெத்தையை விரலால் மெல்லச் சற்றே ஒதுக்குங்கள். அதன் அடியில் துரு வட்டம் படிந்திருந்தால், ஓட்டின் உட்புறத்திலும் அதே இடத்தில், அதே வடிவில் தடம் இருக்க வேண்டும். டர்பனின் ஈரக் காற்றில் பல ஆண்டு ஒன்றாகக் கிடந்த இரண்டும் ஒன்றை ஒன்று கறைப்படுத்தாமல் இருக்காது. மெத்தை சுத்தமாகவும் ஓடு துருவாகவும் இருந்தால் அவை சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. சோதிப்பதற்காகத் திருகைக் கழற்றாதீர்கள். பழைய ரப்பர் பொடிந்துவிடும், சான்றும் அதோடு போய்விடும்.

புற ஊதா விளக்கு வைத்திருந்தால் நூலின்மேல் காட்டுங்கள். பளீரென நீலமாக ஒளிர்ந்தால் புதிய நூலாக இருக்கலாம். யாரோ இக்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அப்படித்தான் ஒளிரும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

படி 6: அமெரிக்கப் படையின் எம்1 தலைக்கவசம் வந்தால்

இதில் லைனர் தனியாகக் கழன்று வரும் இன்னொரு தொப்பி. 1941-42-இல் ஹாலி நிறுவனம் அட்டை போன்ற நார்ப்பொருளில் செய்தது. பிறகு வெஸ்டிங்ஹவுஸ், ஃபயர்ஸ்டோன், இன்லாண்ட் முதலியவை அழுத்தி வார்த்த லைனர்களைச் செய்தன. நெற்றியில் சின்னம் குத்தச் சிறு துளை இருந்தால் போர்க்காலத்தது என்று எண்ண இடமுண்டு. வியட்நாம் காலத்தவற்றில் துளை இராது. பின்னாளைய லைனர்களில் ஒப்பந்த எண்ணே ஆண்டைச் சொல்லும். 'டி.எஸ்.ஏ.-100-68' என்றிருந்தால் 68 என்பது நிதியாண்டு. அக்காலத்து அமெரிக்க நிதியாண்டு ஜூலையில் தொடங்கியதால் ஒப்பந்தம் 1967-இலேயே கையெழுத்தாகியிருக்கலாம். 'டி.எல்.ஏ.' என்றிருந்தால் 1977-க்கு முன்பு போக முடியாது. ஒப்பந்தம் கொடுத்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறை முகமை அந்த ஆண்டில்தான் 'டி.எஸ்.ஏ.' என்பதிலிருந்து அப்படிப் பெயர் மாறியது.

படி 7: இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிடுதல்

ஓடு 1941, லைனர் 1942 என்றால் கவலை வேண்டாம். பாகங்கள் கிடங்கில் காத்திருந்தே பொருத்தப்பட்டன. தென்னாப்பிரிக்க ஓட்டில் பிரிட்டிஷ் லைனர் இருந்தாலும் உடனே ஒதுக்காதீர்கள். வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படையினரும் இங்கே செய்த தொப்பிகளை அணிந்தார்கள். களத்தில் மாற்றியிருக்க வாய்ப்புண்டு. படி 5-இல் துருத் தடம் பொருந்துகிறதா என்பதே அப்போது முடிவுசெய்யும். லைனர் ஓட்டைவிடப் பல ஆண்டு முந்தையது என்றால்தான் உண்மையான சந்தேகம். அப்படிப்பட்டதை வாங்கலாம், ஆனால் ஓட்டுக்குரிய விலைக்கு மட்டும்.

கண்டதை ஓர் அட்டையில் எழுதித் தொப்பிக்குள் வையுங்கள்: ஓட்டின் ஆண்டு, லைனரின் ஆண்டு, முத்திரையின் படம், வாங்கிய இடம். லைனரில் எண்ணெய் தடவ வேண்டாம், மை கரைந்துவிடும். பழைய போர்க்களங்களில் தோண்டி எடுத்ததாகச் சொல்லும் எதையும் தொடாதீர்கள். 75 ஆண்டைக் கடந்த போர்ச் சின்னங்களை அவை கிடக்கும் இடத்தில் தோண்டுவதற்கு 1999-ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டப்படி அனுமதி வேண்டும்.