மைக்கேல் கர்டிஸை ‘காசாபிளாங்கா’வோடு முடித்துவிடாதீர்கள்

பழைய ஹாலிவுட் படங்களைத் தேடிப் பார்ப்பவர்களில் பலருக்கு மைக்கேல் கர்டிஸ் அறிமுகமாவது ‘காசாபிளாங்கா’ வழியாகத்தான். அது சரி. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஹாலிவுட்டில் மட்டும் ஏறத்தாழ நூறு படங்களை இயக்கியவர் அவர். பேய்ப்படம், கத்திச்சண்டைப் படம், தாதா படம், இசைப்படம் எல்லாம் அதில் உண்டு.

அவர் திரைவாழ்க்கை ஹாலிவுட்டில் தொடங்கியது என்று எழுதுவதும் தவறு. 1886இல் புடாபெஸ்டில் பிறந்தவர். ஹங்கேரியிலும் பிறகு வியன்னாவிலும் அறுபது படங்களுக்கு மேல் எடுத்துவிட்டுத்தான் 1926இல் ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவுக்கு வந்தார். அப்போது வயது நாற்பதை நெருங்கிவிட்டது. சுவரில் விழும் பெரிய நிழல்களும் ஓயாமல் நகரும் கேமராவும் அவர் ஐரோப்பிய மௌனப்படக் காலத்திலிருந்து கொண்டுவந்தவை.

எனக்கு அதிகம் உறுத்துவது, ‘ஸ்டூடியோ சொன்னதைச் செய்தவர், அவ்வளவுதான்’ என்று அவரை ஒதுக்கும் போக்கு. 1933இல் மட்டும் அவர் படங்கள் ஐந்துக்குக் குறையாமல் வெளிவந்தன. கதை, நடிகர்கள், படப்பிடிப்பு நாட்கள் என்று பெரும்பாலானவற்றை நிர்வாகமே முடிவு செய்தது. எடிட்டிங்கில் ஹால் வாலிஸ் போன்ற தயாரிப்பாளரின் கை ஓங்கியிருந்தது. அப்படியானால் இயக்குநருக்கு மிஞ்சியது என்ன? கேமரா எங்கே நிற்க வேண்டும், நடிகர் எந்தப் பக்கமிருந்து நுழைய வேண்டும், காட்சி எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பவை. கர்டிஸைத் தேட வேண்டிய இடம் அதுதான். எல்லாப் படங்களிலும் ஒரே கருத்தைத் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். ‘ராபின் ஹுட்’டின் கடைசிக் கத்திச்சண்டையில், சண்டையிடுபவர்கள் கேமராவின் பார்வையை விட்டு விலகிய பிறகு தூணில் ஆடும் நிழல்களைப் பாருங்கள். இரண்டு ஆண்டு கழித்து வந்த ‘தி சீ ஹாக்’கிலும் அதே கை தெரியும்.

அதற்காக எல்லாப் பெருமையையும் அவர் கணக்கிலேயே எழுதிவிடாதீர்கள். 1938இன் ‘ராபின் ஹுட்’டை வில்லியம் கீலி தொடங்கினார். கர்டிஸ் பாதியில் வந்து சேர்ந்தார். டைட்டிலில் இருவர் பெயரும் உண்டு. ‘காசாபிளாங்கா’வின் வசனத்துக்கு எப்ஸ்டீன் சகோதரர்களும் ஹோவர்ட் கோச் என்பவரும் உழைத்தார்கள். புகழ்பெற்ற கடைசி வரி வாலிஸ் எழுதியது.

ஆண்டுகளிலும் குழப்பம் வரும். ‘காசாபிளாங்கா’ நியூயார்க்கில் முதலில் திரையிடப்பட்டது 1942 நவம்பரில். பரவலாக வெளியானது 1943இல். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் கைக்கு வந்தது 1944இல்.

குறைகளை மறைத்துப் பாராட்டவும் வேண்டாம். 1936இல் ‘தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்’ படப்பிடிப்பில் குதிரைகளின் காலைக் கம்பியால் இடறிவிட்டு விழவைத்தார்கள். பல குதிரைகள் செத்தன. அந்தப் போர்க்காட்சி எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் அது கொடுமைதான்.

அப்புறம், 1945இன் ‘மில்ட்ரெட் பியர்ஸ்’ஸோடு அவர் காலம் முடிந்ததென்று நினைக்காதீர்கள். ஜான் கார்ஃபீல்ட் நடித்த ‘தி பிரேக்கிங் பாயின்ட்’ 1950இல் வந்தது. ஹெமிங்வே நாவலிலிருந்து எடுத்த படம். கடனில் மூழ்கும் படகோட்டியின் வீடு, மனைவி, அவன் வெட்கம் எல்லாவற்றையும் அவ்வளவு நெருக்கமாகக் காட்டியிருக்கிறார். அடுத்து பார்க்க வேண்டியது அந்தப் படத்தைத்தான்.