வேக்குவம் கிளீனர் ஓடவில்லையா? முதலில் வயரைப் பாருங்கள்

நின்றபடி தள்ளும் வேக்குவம் கிளீனர் திடீரென்று நின்றுபோனால், சர்க்யூட் போர்டைக் கழற்றும் முன் வயரைச் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சை ஆனில் வைத்து, மல்டிமீட்டரை (மின் அளவுக் கருவி) ஓம்ஸில், அதாவது மின்தடை அளவில் திருப்பி, பிடுங்கிய பிளக்கின் மின்சாரம் வரும் இரண்டு பின்களிலும் வையுங்கள். அப்புறம் கைப்பிடிக்குள் வயர் நுழையும் இடத்தை மெல்ல வளையுங்கள். சில ஓம்ஸ் காட்டுவதும் மறைவதுமாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் வயரில்தான். அங்கே மடங்கி மடங்கி, மேலுறை புதிதுபோல இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் அறுந்துவிடும். அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீதியை உள்ளே முறையாக இணையுங்கள். டேப் ஒட்டு மட்டும் வேண்டாம், சூடேறும்.

எலக்ட்ரானிக் வேகக் கட்டுப்பாடு உள்ள மாடலுக்கு இது பொருந்தாது. வயர் நன்றாக இருந்தாலும் மீட்டர் அசையாது. ஓடும்போதே சூடாகி நின்றதா? அடைப்பை எடுத்து ஆறவிடுங்கள்.