கார் பொடிக்கு மிக் வெல்டிங்: வாயு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் பொடித் தகடு, அதாவது காரின் வெளிக்கூட்டுத் தகடு, பெரும்பாலும் 0.7 முதல் 1 மில்லிமீற்றர் தடிப்புத்தான். ஒட்டும்போது ஓட்டை விழுந்தால் மெஷினைத் திட்டுகிறவர்களே அதிகம். மிக் வெல்டிங்கில் கம்பி உருகி ஒட்டும்போது அந்த இடத்தை வெளிக்காற்றுப் படாமல் மூடிக் காப்பது வாயுதான். பக்கத்தில் நிற்கும் சிலிண்டரில் எந்த வாயு இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

மலிவு என்று தனிக் காபனீரொட்சைட்டை எடுப்பதுதான் பெரிய தவறு. அது ஆழமாக உருக்கும். கேற்றுக்கும் லொறிச் சட்டத்துக்கும் நல்லது, மட்காட்டுக்கு அல்ல. பொறியும் கூடத் தெறிக்கும். தெறித்த மணிகளைக் கிரைண்டரால் தேய்க்கத் தேய்க்கத் தகடு மெலிந்து, சூட்டில் நெளியும். நெளிவை மறைக்கப் பட்டி பூசவேண்டும். வாயுவில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். 75 முதல் 80 வீதம் ஆகன் (argon) வாயுவும் மீதி காபனீரொட்சைட்டும் உள்ள கலவைதான் இந்த வேலைக்கு ஏற்றது.

கலவை கிடைக்காவிட்டால் 0.6 மில்லிமீற்றர் கம்பியைப் போட்டு, ஒரே இழுப்பில் ஓடாமல், இடம் மாற்றி மாற்றிப் புள்ளி புள்ளியாக ஒட்டிச் சமாளிக்கலாம். ஆனால் காபனீரொட்சைட்டுக்கு ஒன்றிரண்டு வோல்ற்று கூட்டிவைக்க வேண்டியிருக்கும்.

அப்படியென்றால் முழு ஆகன் இன்னும் நல்லதா? உருக்குத் தகட்டில் இல்லை. சுடர் நிலைகொள்ளாது அலையும், ஒட்டு மேலே முண்டாக நிற்கும், ஓரம் அரிபடும். அதை அலுமினிய பொனற்றுக்கு வைத்திருங்கள். அங்கே கலவை வாயு உதவாது.

ஒட்டில் ஊசித் துளைகள் வந்தால் உடனே வாயுவைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் கராஜ்கள் பாதி திறந்த கொட்டில்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் காற்று வாயுவை அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்காக, வாயு வரும் அளவைக் கட்டுப்படுத்தும் றெகுலேற்றரை முழுதாகத் திறப்பது இன்னொரு பிழை: வேகமாகப் பாயும் வாயு சுழன்று, வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். நிமிடத்துக்கு 8 முதல் 12 லீற்றர் போதும். படங்கு ஒன்றைக் கட்டி மறையுங்கள், ஃபானை நிறுத்துங்கள். கறளும் பெயின்ரும் போகச் சுரண்டாத தகட்டில் எந்த வாயுவும் துளையைத் தடுக்காது.

காபனீரொட்சைட்டு றெகுலேற்றரை ஆகன் சிலிண்டரில் எப்படியாவது பொருத்தப் பார்க்கவே கூடாது. நிரம்பிய ஆகன் சிலிண்டரில் அழுத்தம் 150 பாருக்கும் மேல், காபனீரொட்சைட்டில் அதன் பாதியளவுதான். இன்னொன்று, காபனீரொட்சைட்டு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். திரவம் தீரும்வரை கேஜ் முள் பெரிதாக இறங்காது. எவ்வளவு மிச்சம் என்று அறியச் சிலிண்டரைத் தராசில் வைத்து நிறுத்துத்தான் பார்க்கவேண்டும்.