தீவுக் கோயிலின் வரலாறு எழுதப் போகிறீர்களா? முதலில் கூரையைப் பாருங்கள்

யாழ்ப்பாணத் தீவுகளில் பழைய மாதா கோயில் எதைக் கேட்டாலும் ‘போத்துக்கேயர் காலத்துக் கோயில்’ என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். கோயில் இருக்கிற நிலத்துக்கு ஒரு வயது, நிற்கிற சுவருக்கு ஒரு வயது, மேலே கிடக்கிற மரத்துக்கு இன்னொரு வயது.

மரத்தில் தொடங்குங்கள். கோயிலைக் கவனிக்கிற மூப்பரிடம் சொல்லிவிட்டு, ஏணியும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள். பனஞ்சலாகை (கூரையில் சரிவாகப் போடும் பனைமரச் சட்டம்) வாய்ச்சியால் செதுக்கியது என்றால் தடம் சின்னச் சின்னப் பள்ளமாக ஒழுங்கில்லாமல் இருக்கும், மரக்காலையில் வாளால் அரிந்தது என்றால் கோடுகள் ஒரே சீராக ஓடும். ஆணியையும் விடாதீர்கள்: கொல்லன் அடித்ததற்குத் தண்டு சதுரம், கம்பி ஆணிக்கு உருண்டை. கூரையைத் தாங்கும் மரமான வளையில் வெட்டிய பழைய பொருத்து ஒன்று எதற்கும் பொருந்தாமல் சும்மா கிடந்தால், பெரும்பாலும் அது முன்பு வேறொரு கூரையில் இருந்த மரம். வைரம் பாய்ந்த பனையை எங்கள் சனம் இலேசில் எறியாது, கழற்றித் திரும்பவும் போடும். அதனால் மரம் பழையது என்பதை வைத்துக் கட்டடமும் பழையது என்று முடிவு கட்ட முடியாது.

சரி, அப்புறம் ஆண்டுகள். போத்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்து கோயில்களைத் தங்கள் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1687இல் கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவான யோசவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேர்ந்த பிறகுதான் மறைந்திருந்த சபை மெல்லத் தலை தூக்கியது. அமலமரித் தியாகிகள் என்ற கத்தோலிக்கக் குருக்கள் சபை வந்தது 1847இல். ஊரார் சொல்லும் கதையை இந்த ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

பங்குமனையில் பழைய திருமுழுக்குப் பதிவேடு இருந்தால் இலத்தீனைக் கண்டு பயப்பட வேண்டாம், ‘பப்திசாவி’ என்றால் ‘திருமுழுக்குக் கொடுத்தேன்’. நாளும் பெயர்களும் ஒரே ஒழுங்கில் வருவதால் பத்துப் பதிவு பார்த்தால் பழகிவிடும். குருவானவரின் கையெழுத்து மாறும் ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள், புதுக் கட்டட வேலை பலவேளை புதுக் குருவோடுதான் தொடங்கும்.

மிச்சம் இருப்பது ஆட்களின் நினைவு. 1990இன் இடப்பெயர்வோடு தீவுச் சனம் சிதறிப்போனது, கூரை வேய்ந்தவரின் மகள் இன்று ரொறன்ரோவில் இருக்கலாம். வாட்சப்பில் கூப்பிட்டு, ‘கோயில் எப்ப கட்டினது?’ என்று கேட்காமல், ‘உங்கட முதல்நன்மைக்குக் கூரை கிடுகா ஓடா?’ என்று, அதாவது முதன்முதல் நற்கருணை வாங்கின நாளில் கூரை தென்னோலையா ஓடா என்று கேளுங்கள். அதற்கு யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். எழுதி முடித்ததும் ஒரு பிரதியைப் பங்குமனையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.