கூட்டமில்லாத இத்தாலி, கார் இல்லாத பயணம்: தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் வேண்டாம், இருவர் மட்டும் நிதானமாகச் சுற்ற ஓர் அமைதியான ஊர் போதும் என்று தேட ஆரம்பித்தால், படங்களில் முதலில் வந்து நிற்பவை மலையுச்சிக் கிராமங்கள்தான். கல் வீடு, ஜன்னலில் பூந்தொட்டி, கீழே திராட்சைத் தோட்டம். மனம் அங்கேயே நின்றுவிடும். முதல் தவறும் அங்கேதான் நடக்கிறது. அந்தக் கிராமங்களில் பெரும்பாலானவை கார் வைத்திருப்பவர்களுக்கே சரிப்பட்டு வரும். ரயில் கிடையாது. பஸ் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை வந்தால் அதிகம். இரவுச் சாப்பாட்டுக்குப் பக்கத்து ஊருக்குப் போனால் திரும்பி வர வழியிருக்காது.

பெயர் பரவிய சின்ன ஊர்களில் அமைதியும் இருப்பதில்லை. சான் ஜிமிஞானோவின் கோபுரங்களைப் பார்க்க ஃப்ளோரன்ஸிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். சிவிதா தி பாஞோரேஜோவில் நிலையாகக் குடியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்த ஊருக்குப் போகும் நடைபாலத்தில் ஏறவே கட்டணம் வாங்கும் அளவுக்குக் கூட்டம் வருகிறது.

அதனால் நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது இதுதான்: கிராமம் தேடாதீர்கள், நடுத்தர நகரம் தேடுங்கள். இத்தாலியில் நூற்றுச் சொச்சம் மாகாணங்கள் இருக்கின்றன. நம் ஊர்க் கணக்கில் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றின் தலைநகரங்களில் பல, சுற்றுலாப் பயணிகளின் பட்டியலில் ஏறாமலே அழகாக இருக்கின்றன. ஃபெர்ராரா, மாந்தோவா, க்ரெமோனா, ஆஸ்கோலி பிச்சேனோ எல்லாம் அப்படிப்பட்ட ஊர்கள். மாவட்டத் தலைநகர் என்பதால் ரயில் நிற்கும், மருத்துவமனை இருக்கும், சந்தை கூடும். உணவகங்கள் உள்ளூர்க்காரர்களை நம்பி நடப்பவை, அதனால் சமையலும் விலையும் நியாயமாக இருக்கும். மாலையில் ஊரே சதுக்கத்துக்கு நடக்க வருகிறது. அந்த நேரத்தில் நீங்களும் அவர்களோடு நடக்கலாம்.

ஃபெர்ராராவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. பொலோஞாவிலிருந்து வெனிஸ் போகும் முக்கியப் பாதையிலேயே இருக்கிறது. பொலோஞாவில் ஏறினால் அரை மணிச் சொச்சத்தில் இறங்கிவிடலாம். ஆனால் அந்த ரயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இங்கே இறங்குவதில்லை. எஸ்தே குடும்பம் ஆண்ட ஊர். நகரின் நடுவில் 1385இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் அகழித் தண்ணீர் சூழ நிற்கிறது. யுனெஸ்கோ 1995இல் இந்த நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஊர் முழுக்கச் சமதளம், அதனால் பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் சைக்கிளில்தான் போவார்கள். நீங்களும் ஆளுக்கொரு சைக்கிள் வாடகைக்கு எடுத்து, ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள பழைய மதிலைச் சுற்றி மரநிழலில் ஓட்டலாம். ஒரு மாலைப் பொழுதுக்கு அது போதும். சைவம் சாப்பிடுபவர்கள் அங்கே கப்பெல்லாச்சி என்ற பூசணி அடைத்த பாஸ்தாவைக் கேட்கலாம். இறைச்சிக் குழம்போடும் தருவார்கள் என்பதால் ‘புர்ரோ எ சால்வியா’ என்று சொல்லிவிடுங்கள், வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்துத் தருவார்கள்.

இரண்டாவது தவறு, ரயில் நிலையத்தின் பெயரை நம்புவது. ஊர்ப் பெயரில் ஸ்டேஷன் இருப்பதாலேயே ஊர் அதன் வாசலில் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அசிசி ஸ்டேஷன் கீழே சமவெளியில், சாந்தா மரியா தெலி ஆஞ்ஜெலி என்ற இடத்தில் இருக்கிறது. நகரமோ மேலே மலைச்சரிவில். கொர்தோனாவும் அப்படித்தான், ரயில் நிற்பது அடிவாரத்துக் கமூச்சியாவில். மோந்தேபுல்ச்சானோவின் பெயரைத் தாங்கிய நிலையம் ஊரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. மாறாக, ஒர்வியேத்தோ பாறை உச்சியில் இருந்தாலும் கவலையில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கம்பிவடத்தில் ஏறும் இழுவை ரயில் உங்களை மேலே கொண்டுபோய் விடும். 1888இல் தண்ணீரின் எடையால் ஓடத் தொடங்கியது அது, இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது. ஆக, அறை பதிவு செய்யும் முன் வரைபடத்தில் தூரத்தோடு உயரத்தையும் பாருங்கள். விடுதியின் முகவரியில் ‘ஸ்காலோ’ என்று இருந்தால் அது ஸ்டேஷனைச் சுற்றி வளர்ந்த கீழ்ப்பகுதி. வாடகை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, பஸ் அட்டவணையைத் தப்பாகப் படிப்பது. இதில் நானே சிக்கியிருக்கிறேன். மார்க்கே பகுதியில் ஒரு மலையூரிலிருந்து கீழே வர ஜூலை மாதத்தில் நானும் மனைவியும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அட்டவணையில் இருந்த மூன்று பஸ்களில் ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் அருகிலிருந்த காபிக் கடைப் பெண்மணி, நேரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தைக் காட்டினார். ‘ஸ்கொலாஸ்திகோ’. பள்ளி நடக்கும் நாளில் மட்டும் ஓடும் பஸ். ஜூனில் பள்ளி மூடிவிட்டால் செப்டம்பர் வரை அது கிடையாது. டாக்சியில் இறங்கி வந்தோம். அன்றைக்குக் கற்றுக்கொண்ட இன்னும் இரண்டு சொற்கள்: ‘ஃபெரியாலே’ என்றால் வேலை நாள், அதில் சனிக்கிழமையும் அடக்கம். ‘ஃபெஸ்தீவோ’ என்றால் ஞாயிறும் அரசு விடுமுறையும். பல கிராமப் பஸ்களுக்கு ஃபெஸ்தீவோ பத்தியே வெறுமையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி ஊர் மாறும் திட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

டிக்கெட்டில் செய்யும் தவறு சிறியது, அபராதம் சிறியதல்ல. அதிவேக ரயிலுக்கு முன்கூட்டி வாங்கினால் விலை குறையும். உள்ளூர் ரயில்களுக்கு, ‘ரெஜியொனாலே’ என்பார்கள், என்றைக்கு வாங்கினாலும் அதே விலைதான், அவசரப்பட வேண்டாம். ஆனால் அதன் காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். கைபேசியில் வாங்கியிருந்தால் ஏறும் முன் செக்-இன் செய்ய வேண்டும். பணம் கட்டியாயிற்றே என்று அப்படியே உட்கார்ந்துவிடக் கூடாது.

வேலைநிறுத்தத்துக்கு ‘ஷோப்பெரோ’ என்று பெயர். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாளாக இருந்தால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்களில் குறிப்பிட்ட சேவைகள் உறுதியாக ஓடும். அதற்குள் பயணத்தை அடக்கிவிடலாம்.

அமைதியான ஊருக்கும் ஆண்டில் ஒரு வாரம் உண்டு, ஊர் கொள்ளாத வாரம். லூக்கா மற்ற நாட்களில் மதிலுக்குள் இதமாக இருக்கும் நகரம். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் அங்கே நடக்கும் காமிக்ஸ் விழாவுக்கு லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள், அறையே கிடைக்காது. மாந்தோவாவில் செப்டம்பரில் இலக்கிய விழா, 1997 முதல் நடக்கிறது. ஸ்போலேத்தோவில் கோடை தொடங்கும்போது கலைவிழா. இவற்றை ரசிக்கவே போவதென்றால் நல்லது. தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதுதான் வருத்தம். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 ஆகிய அரசு விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கோடை விடுமுறை நாளான ஆகஸ்ட் 15ஐ ஒட்டி கடற்கரை ஊர்கள் நிரம்பி வழியும், உள்நாட்டு நகரங்களிலோ பாதிக் கடைகள் மூடியிருக்கும்.

பருவத்தையும் யோசிக்க வேண்டும். ஃபெர்ராராவும் மாந்தோவாவும் இருக்கும் போ ஆற்றுச் சமவெளியில் ஜூலை, ஆகஸ்டு புழுக்கமும் கொசுவும் நமக்குப் பழகியதுதான் என்றாலும் விடுமுறையில் வேண்டியதில்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு. மாந்தோவாவைச் சுற்றியுள்ள ஏரிகளில் அந்த மாதங்களில் தாமரை பூக்கும். ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் கொண்டுவந்து நட்ட நம் ஆசியத் தாமரைதான், இன்று ஏரியின் ஒரு பகுதியையே மூடிக் கிடக்கிறது. படகில் அதன் நடுவே போகலாம். அதற்காகப் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்பவர்களை நான் தடுக்க மாட்டேன். மற்றவர்களுக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர், அக்டோபரும் நல்லவை.

திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். மதியம் இரண்டரைக்கு மேல் சமையலறை மூடினால் மறுபடி ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். மூன்று மணிக்குப் பசியோடு அலைவதில்தான் பல தம்பதிகளின் சண்டை தொடங்குகிறது.

அப்புறம், ஊர் மாற்றும் ஆசை. ஏழு இரவுக்கு ஐந்து ஊர் என்று போடுபவர்கள் பெட்டியைத்தான் சுற்றிக்காட்டுகிறார்கள். உருண்டைக் கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டி இழுப்பது பெரும்பாடு. சின்ன ஸ்டேஷன்களில் பெட்டியை விட்டுச் செல்ல இடமும் இருக்காது, லிஃப்டும் இல்லாமல் போகலாம். இரண்டு ஊர் போதும். மிலானில் இறங்கினால் ரயிலில் மாந்தோவா போய் மூன்று இரவு தங்குங்கள். அதே பாதையில் இருக்கும் க்ரெமோனாவுக்கு ஒரு நாள் போய்வரலாம். ஸ்த்ராதிவாரி வயலின் செய்த ஊர் அது, இன்றும் தெருவுக்குத் தெரு வயலின் பட்டறைகள் இருக்கின்றன. பிறகு மொடேனா, பொலோஞா வழியாக ஃபெர்ராரா, அங்கே நான்கு இரவு. அங்கிருந்து நேர் ரயிலில் ராவென்னா போய் மொசைக் ஓவியங்களைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம்.

அறையை மட்டும் ஊருக்கு நடுவில், ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிட நடைக்குள் எடுங்கள். இருவரில் ஒருவருக்குக் கால் வலித்தால் அறையில் படுத்திருக்கலாம், மற்றவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதில் பக்கம் போய்வரலாம். காரில் போயிருந்தால் இருவரும் ஒரே இடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.